மீனுக்கு நாற்காலி போடாத வழக்கு

நீர்த்தேக்க இயக்கம் பற்றிய பாடத்தில் ஒரு கணக்கு வரும். சிவில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வரத்து இவ்வளவு, ஆவியாகிப் போவது இவ்வளவு, கசிவு இவ்வளவு, ஊருக்குக் குடிநீர் இவ்வளவு. கடைசி வரியில் 'ஆற்றில் விட வேண்டிய குறைந்தபட்ச நீர்' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதைக் கழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தக் கடைசி வரி எண்ணை யார் வைத்தது, எதற்காக வைத்தது என்பது பாடத்தில் வராது. அப்படி ஓர் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுமார் தொண்ணூறு வருஷச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். இடம் அமெரிக்கா. ஆற்றின் பெயர் டெலவேர். தண்ணீர் எடுத்துக் கொள்ளும் ஊர் நியூயார்க்.

நியூயார்க் நகரம் கடலோரத்தில் இருந்தாலும் குடிப்பது மலைத் தண்ணீர். 1842-லேயே குரோட்டன் ஆற்றிலிருந்து கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். அது போதாமல் கேட்ஸ்கில் மலைக்குப் போனார்கள். அங்கே 1915-ல் அஷோகன் நீர்த்தேக்கம் வந்தது. அதுவும் போதவில்லை. 1920-களில் அடுத்த மலைச்சரிவில் ஓடும் டெலவேர் ஆற்றின் கிளைகள் மீது கண் விழுந்தது.

இங்கேதான் தகராறு. டெலவேர் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தாலும் நியூயார்க் நகரத்தின் பக்கம் வரவே வராது. பென்சில்வேனியா, நியூஜெர்சி மாநிலங்களின் எல்லையாக ஓடி, பிலடெல்பியாவைத் தாண்டி, டெலவேர் விரிகுடாவில் கலக்கிறது. நகரம் எடுக்கும் தண்ணீர் மலையைக் குடைந்து அடுத்த படுகைக்குப் போய்விடும். திரும்பி வராது. நம் பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பிவிட்ட மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நியூஜெர்சி 1929-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1931 மே மாதம் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அப்போது அவருக்கு வயது 90. நதி என்பது வெறும் வசதிப் பொருள் அல்ல, அது ஒரு பொக்கிஷம், அதன்மேல் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோருக்கும் பங்கிட்டுத் தர வேண்டியது என்ற கருத்தில் அவர் எழுதியதை நதிநீர் வழக்கு என்றால் இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவார்கள். மேலே இருக்கிறவன் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது என்ற வாதமும் நிற்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ளலாம் என்ற வாதமும் நிற்கவில்லை. நகரம் கேட்டது நாளொன்றுக்கு 60 கோடி காலன். கிடைத்தது 44 கோடி. அதற்குப் பதிலாக, ஆறு ஓர் அளவுக்குக் கீழே வற்றினால் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டும். ஆற்றங்கரையில் உள்ள போர்ட் ஜெர்விஸ் ஊரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். 1931-க்கு அது பெரிய விஷயம்.

பிறகு உலகப் போர் குறுக்கே வந்தது. அணை வேலை இழுத்துக்கொண்டே போக, நகரத்தின் தாகமும் வளர்ந்துவிட்டது. மறுபடியும் நீதிமன்றம். 1954-ல் வந்த திருத்திய தீர்ப்புதான் இன்றுவரை ஆட்சி செய்கிறது. அதன்படி மூன்று அணைகளும் முடிந்தபின் நகரம் நாளொன்றுக்கு 80 கோடி காலன் எடுக்கலாம். நியூஜெர்சிக்கு 10 கோடி. நகரம் எடுப்பதற்கு ஈடாக, மான்டேக் என்ற இடத்தில் ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 1,750 கன அடிக்குக் குறையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இதைக் கண்காணிக்க மத்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து 'ரிவர் மாஸ்டர்' என்று ஓர் அதிகாரி. நதிக்கே ஒரு வாத்தியார்!

மூன்று அணைகளில் நெவர்சிங்க் 1953-லும், பெபாக்டன் 1955-லும், கேனன்ஸ்வில் 1964-லும் வந்தன. மூன்றும் சேர்ந்து 27,100 கோடி காலன். நமக்குப் புரிகிற கணக்கில் ஏறக்குறைய 36 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு என்று சொல்லலாம். அங்கிருந்து நகரத்தை நோக்கி மலையடியில் போகும் டெலவேர் சுரங்கம் 137 கிலோமீட்டர் நீளம். பெபாக்டனுக்காக நான்கு ஊர்களும், கேனன்ஸ்வில்லுக்காக ஐந்து ஊர்களும் தண்ணீருக்கடியில் போயின. அது தனிக் கட்டுரைக்கான சோகம். இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

வழக்கில் யார் யாருக்கு இடம் இருந்தது என்று பாருங்கள். நியூயார்க் மாநிலம், நியூயார்க் நகரம், நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் ஆக ஐந்து பேர். குடிநீர்க்காரர்கள் பேசினார்கள். பிலடெல்பியாவின் கவலை பேசப்பட்டது. கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறிவிடும் என்ற பயமும் பேசப்பட்டது. அணைக்கு நேர் கீழே இருக்கும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஆறும் அதில் வாழும் மீனும் யாருடைய கட்சி? யாருடையதும் இல்லை. கணக்குப் பார்க்கும் இடம் மான்டேக் ஒன்றுதான். அது அணைகளிலிருந்து எங்கோ கீழே இருக்கிறது. நடுவில் ஆறு எந்த நிலையில் இருந்தாலும் மான்டேக்கில் 1,750 இருந்தால் சரி.

இதன் விளைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கேனன்ஸ்வில்லில் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் மான்டேக் போய்ச் சேர 48 மணி நேரம் ஆகும். பெபாக்டனிலிருந்து 60 மணி நேரம். நெவர்சிங்கிலிருந்து 33. ஆகவே ரிவர் மாஸ்டர் அலுவலகம் நாளை மறுநாளுக்கு, அதற்கும் மறுநாளுக்கு ஆறு எப்படி இருக்கும் என்று இன்றைக்கே கணிக்க வேண்டும். மழை வருமா, இடையில் உள்ள மின்நிலையங்கள் எவ்வளவு விடும், எல்லாம் பார்த்து, 'இத்தனை கன அடி திற' என்று உத்தரவு போகும். உத்தரவு போட்ட பிறகு இடையில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால்? மான்டேக்கில் தேவைக்கு மேல் ஓடும். உடனே 'குறை' என்பார்கள். நகரத்தின் பார்வையில் அது நியாயம்தான். வீணாய் விடுகிற ஒவ்வொரு காலனும் அடுத்த வறட்சிக்கான சேமிப்பு. ஆனால் அணைக்குக் கீழே என்ன நடக்கும்? நேற்று இடுப்பளவு ஓடிய ஆறு இன்று கணுக்காலுக்கு இறங்கிவிடும். ஓரத்தில் மேய்ந்த குஞ்சு மீன்கள் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். மீதி ஓடுகிற கொஞ்சம் தண்ணீரும் ஜூலை வெயிலில் சுடும். மூன்று நாள் கழித்து மறுபடி 'திற' என்று உத்தரவு வந்தால் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த நீர் ஒரேயடியாக வரும். அங்கே இதற்கு வைத்த பெயர் 'யோ-யோ'. நம் ஊர்ப் பையன்கள் கயிற்றில் ஏற்றி இறக்கி விளையாடுவார்களே, அதேதான்.

மான்டேக்குக்காகத் தண்ணீர் தேவைப்படாத நாட்களில் நிலைமை இன்னும் மோசம். ஆற்றைக் காக்க என்று விடப்பட்ட கட்டாய நீர், குளிர்காலத்தில் பெபாக்டன் போன்ற பெரிய அணையிலிருந்தே விநாடிக்குப் பத்து கன அடியை எட்டாது. நம் ஊர் வாய்க்காலில் அதைவிட அதிகம் ஓடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தைச் சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். உரமும் சாணமும் சேர்ந்து பாஸ்பரஸ் ஏறி, நீர்த்தேக்கத்தில் பாசி பிடித்தது. எனவே குடிக்க பெபாக்டன், நெவர்சிங்க் தண்ணீர். மான்டேக் கணக்கைத் தீர்க்க கேனன்ஸ்வில் தண்ணீர் என்று நகரம் பிரித்துக்கொண்டது. பொறியாளர் மூளைக்கு இது பளிச்சென்று சரியாகப் படும். பலன்? மேற்குக் கிளையில் கோடையில் அளவுக்கு மீறிய ஏற்ற இறக்கம். கிழக்குக் கிளையும் நெவர்சிங்க் ஆறும் ஏறக்குறைய பட்டினி.

மீன் மீன் என்கிறாயே, என்ன மீன் என்று கேட்கலாம். டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்கள் வெள்ளைக்காரர் காலத்து டிரவுட் பொரிப்பகத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதி. குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற தண்ணீர் வேண்டும். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தவிக்க ஆரம்பிக்கும். 24, 25 ஆனால் சாவுதான். அமெரிக்காவில் தூண்டில் போடுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை, கிட்டத்தட்ட ஒரு மதம். அதற்குக் கேட்ஸ்கில் ஆறுகள் புண்ணிய க்ஷேத்திரம். அங்கே செயற்கை ஈ கட்டித் தூண்டில் போடும் கலைக்குப் பிதாமகராகக் கருதப்படும் தியடோர் கார்டன் மீன்பிடித்த நெவர்சிங்க் ஆற்றுப் பகுதிகள் பல, இன்று நெவர்சிங்க் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. நேர்மையாக எழுதினால் இதையும் எழுத வேண்டும். அணை வருவதற்கு முன் டெலவேரின் பெரிய ஆற்றுப் பகுதி கோடையில் சூடான ஆறு. அங்கே இருந்தது பாஸ் மீன். டிரவுட் வளரும் அளவுக்கு அதைக் குளிரவைத்தது அணையின் அடிமட்டத்திலிருந்து வரும் தண்ணீர்தான். அதுவும் எந்த டிரவுட்? பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. மீன் குஞ்சுகளைப் பால் கேன்களில் ஏற்றி வந்த ரயில் காலிகூன் ஊருக்குப் பக்கத்தில் நின்றுபோக, ஒரு ரயில்வே ஊழியர் இரக்கப்பட்டு ஓடையில் கொட்டிவிட்டார், அந்தச் சந்ததிதான் இது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஆக, அணை கெடுத்த ஆறும் இதுதான், அணை உண்டாக்கிய ஆறும் இதுதான். 'பழைய இயற்கை நிலைக்குத் திரும்பு' என்ற கோஷம் இங்கே செல்லாது. அணையை வைத்துக்கொண்டே, அதை எப்படி இயக்குவது என்பதுதான் கேள்வி. டிரவுட் பிரியர்கள் மட்டுமே பேசிய காலமும் போய்விட்டது. கடலிலிருந்து முட்டையிட வரும் ஷாட் மீன் இந்த ஆற்றுக்கே உரியது. 1990-ல் அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்ட ஒரு சின்ன நன்னீர்ச் சிப்பியும் இந்த ஆற்றில் இருக்கிறது. தண்ணீர் திடீரென்று இறங்கினால் மீனாவது ஓடும். சிப்பி எங்கே ஓடும்?

சரி, நகரத்தின் பக்கத்தையும் பார்ப்போம். 1960-களில் அந்தப் படுகையில் கடும் வறட்சி. 1964 நவம்பரில் கடல் உப்பு ஆற்றில் ஏறி ஏறி, பிலடெல்பியா குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சில மைல் கீழே வரை வந்துவிட்டது. 1965 ஜூனில் நியூயார்க் நகரம், 'எங்கள் அணையே காலியாகப் போகிறது, மான்டேக்குக்கு விட முடியாது' என்று நிறுத்திவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே மீறியது போல! நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து 1961-ல் அமைத்த டெலவேர் ஆற்றுப் படுகை ஆணையம் அவசரநிலை அறிவித்துத்தான் சமாளித்தது. 1954 தீர்ப்பு 1930-களின் வறட்சியை வைத்துப் போட்ட கணக்கு. அதைவிடப் பெரிய வறட்சி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 80 கோடியும் 1,750-உம் இரண்டுமே தர முடியாத வருஷம் உண்டு என்பது அப்போது தெரிந்தது. எண்பது லட்சம் ஜனங்களுக்குப் பொறுப்பான நிர்வாகம் ஒவ்வொரு காலனையும் இறுக்கிப் பிடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் மீனைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

1970-களில் கேட்ஸ்கில் ஊர்க்காரர்களும் தூண்டில்காரர்களும் 'கேட்ஸ்கில் வாட்டர்ஸ்' என்று சங்கம் கூட்டி மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு நடையாய் நடந்தார்கள். 1976-ல் நியூயார்க் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. நகரத்தின் அணைகளிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்று விதிக்க மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு அதிகாரம் கிடைத்தது. 1977-லிருந்து 'சோதனை முறையில்' கூடுதல் நீர். ஆணையத்தின் கோப்பில் அதற்கு டி-77-20 என்று எண். சோதனை என்ற பெயரிலேயே முப்பது வருஷம் ஓடியது! நம் ஊரில் தற்காலிகப் பணியாளர் ரிட்டயர் ஆவது மாதிரி. ஆற்று வெப்பம் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் இருக்க, தேவைப்படும்போது திறந்துவிடத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்கி வைக்கும் பழக்கமும் அந்தக் காலத்தில்தான் வந்தது.

1975-ல் ஆற்றின் நடுவே டாக்ஸ் ஐலண்ட் என்ற பெரிய அணைத் திட்டத்தை ஆணையம் ஓட்டெடுப்பில் நிராகரித்தது. அதனால் டெலவேரின் பிரதான ஆறு அணையில்லாமல் தப்பித்தது. ஆனால் வறட்சிக்கு மேல்மலை அணைகள் மூன்றை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. 1983-ல் ஐந்து கட்சிகளும் உட்கார்ந்து, வறட்சி வந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். நகரம் 80 கோடியிலிருந்து 52 கோடிக்கு இறங்க வேண்டும். மான்டேக் அளவும் 1,750-லிருந்து இறங்கும். தீர்ப்பை மாற்ற ஐந்து பேரும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் பழைய நிலைதான்.

ஆற்றின் விதியை மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், வாதத்தைவிடக் கழிவறைத் தொட்டியைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். 1979-80 வாக்கில் நியூயார்க் நகரத்தின் செலவு நாளொன்றுக்கு 150 கோடி காலன். 1994-லிருந்து 1997 வரை நகரம் காசு கொடுத்துச் சுமார் 13 லட்சம் பழைய கழிவறைத் தொட்டிகளை மாற்றவைத்தது. புதியவை ஒரு தடவைக்கு 1.6 காலன் மட்டும் எடுப்பவை. வீடுகளுக்கு மீட்டர் வந்தது. கசிவுகளைத் தேடி அடைத்தார்கள். 1980-ல் 70 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2020-ல் 88 லட்சம் ஆனது; தண்ணீர்ச் செலவோ 100 கோடி காலன் பக்கம் இறங்கிவிட்டது. டெலவேரிலிருந்து எடுப்பது 80 கோடிக்கு வெகு கீழே. மீனுக்குப் போன தண்ணீர் எந்தப் புது உரிமையாலும் வரவில்லை. நகரம் செலவழிக்காமல் விட்டதால்தான் பேச்சுக்கே இடம் கிடைத்தது.

2004 செப்டம்பர், 2005 ஏப்ரல், 2006 ஜூன் என்று மூன்று பெரு வெள்ளங்கள் அடுத்தடுத்து வந்தன. அணையை ரொம்பி வழியும் அளவுக்கு வைத்திருப்பதால்தான் எங்கள் வீடு மூழ்குகிறது என்று ஆற்றங்கரைவாசிகள் கொதித்தார்கள். அணையில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடுங்கள் என்பது மீன்காரர்கள் கோரிக்கை. இரண்டும் பொருந்திப் போனது. 2007 அக்டோபரில் 'நெகிழ்வான நீர் மேலாண்மைத் திட்டம்' வந்தது. அணையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஆற்றுக்கு விடுவது. நிறைந்திருந்தால் தாராளம், குறைந்தால் சிக்கனம். நிலையான ஓர் எண் போய் அட்டவணை வந்தது. இதே 2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது பலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

டெலவேர் திட்டமும் சுமுகமாக ஓடவில்லை. 2017 மே 31-ல் ஒப்பந்தம் காலாவதியானபோது, தன் பங்கு போதாது என்று நியூஜெர்சி தலையாட்ட மறுத்தது. அக்டோபரில்தான் பத்து வருஷ ஒப்பந்தம் ஆயிற்று. அதில் இரண்டு சின்ன வைப்புநிதிகள் இருக்கின்றன. ஒன்று, வெயில் நாளில் ஆற்றைக் குளிரவைக்க. இன்னொன்று, திடீரென்று ஷட்டரை மூடாமல் படிப்படியாகக் குறைக்க. இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எவ்வளவு வேகத்தில் குறைக்கிறாய் என்பதும் கணக்கு என்று காகிதத்தில் ஒப்புக்கொள்ள 1954-லிருந்து அறுபத்துமூன்று வருஷம் ஆகியிருக்கிறது. 'யோ-யோ' அதனால் நின்றுவிட்டதா என்றால், இல்லை. மான்டேக் 1,750 அப்படியே இருக்கிறது. 48 மணி, 60 மணி தூரமும் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையில் அந்த 137 கிலோமீட்டர் சுரங்கம் ஓட்டை. நாளொன்றுக்கு மூன்றரைக் கோடி காலன் வரை கசிந்துகொண்டிருந்தது. ஹட்சன் ஆற்றுக்கடியில் 4 கிலோமீட்டர் மாற்றுச் சுரங்கம் தோண்டி, அதை இணைக்க 2024 அக்டோபரில் பழைய சுரங்கத்தை மூடினார்கள். சில மாதங்களுக்கு டெலவேர் தண்ணீரே நகரத்துக்கு வராது என்று ஏற்பாடு. ஆனால் அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. நவம்பரில் வறட்சி எச்சரிக்கை விடுத்து, வேலையைப் பாதியில் நிறுத்திச் சுரங்கத்தை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. இப்போதைய ஒப்பந்தத்தின் கெடு 2028 மே 31. அதற்குள் அதே ஐந்து கட்சிகளும் மறுபடி ஒத்துக்கொண்டாக வேண்டும்.